வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர்: பாடியவரும் எழுதி வைத்தவரும்

(உப்பிலியபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உப்பிலியபுரத்தில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் என் அக்காள், “ஊர்ப் பேரிலேயே உப்பு இல்லை. பேச்சிலாவது கொஞ்சம் போட்டுக்கொண்டு போ” என்றாள். துறையூரில் பேருந்து மாறி, பச்சைமலையை ஒரு பக்கமும் கொல்லிமலையை இன்னொரு பக்கமும் பார்த்துக்கொண்டு வரும்போதெல்லாம் அந்தக் கவலைதான். பெரிய உப்பு மூட்டை எதுவும் என்னிடம் இல்லை. ஒரு மனிதரின் கதை இருக்கிறது. அது போதும் என்று நம்புகிறேன்.

“இந்த ஆண்டு குஜராத்தி இசைவாணர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள். பாடகராகவும் பாட்டு இயற்றியவராகவும் பாட்டு வாத்தியாராகவும் இருந்தவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அறக்கட்டளையார் கேட்டிருந்தார்கள். குஜராத்திப் பாட்டு என்றால் நம்மவர்களுக்கு நினைவு வருவது நரசி மேத்தாவின் ‘வைஷ்ணவ ஜனதோ’. அவர் 15-ஆம் நூற்றாண்டு பக்தர், பள்ளிக்கூட வாத்தியார் அல்லர். அடுத்து பண்டிட் ஓம்கார்நாத் தாக்கூர். 1897-இல் கம்பாத்துக்கு அருகே ஜஹாஜ் என்ற சிற்றூரில் பிறந்து, விஷ்ணு திகம்பர் பலுஸ்கரிடம் பயின்று, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வியை வளர்த்து, ‘சங்கீதாஞ்சலி’ என்ற பாடநூல் வரிசையை எழுதி, 1967-இல் மறைந்தவர். பாடினார், இயற்றினார், கற்பித்தார், எழுதினார். கேட்டவர்கள் சொன்ன இலக்கணத்துக்கு அச்சில் வார்த்தது போலப் பொருந்துபவர்.

குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோது எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. இத்தனை இலக்கணமும் பொருந்திய ஒருவரைத் தேடி கம்பாத் வரை போக வேண்டுமா? நம் பழைய திருச்சி மாவட்டத்து அரியலூரிலேயே ஒருவர் பிறந்திருக்கிறாரே! அவரை விட்டுவிட்டு ஓம்கார்நாத்தைப் பற்றி இங்கே பேசினால், பக்கத்து வீட்டுக்காரரைத் தாண்டிப் போய் அசலூரில் விருந்துண்ட கதையாகிவிடும்.

அவர்தான் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். தியாகராஜ சுவாமிகளின் நேர் சீடர். பிறப்பு 1781, மறைவு 1874.

1. அரியலூரில் பிறந்த சௌராஷ்டிரர்

“அரியலூரில் பிறந்தவர் எப்படி ஐயா குஜராத்தி?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேங்கடரமணர் குஜராத்தைப் பார்த்தவர் அல்லர். அவருடைய பாட்டன் பூட்டனும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வீட்டில் பேசிய மொழிக்குப் பெயர் சௌராஷ்டிரம். இன்றைய குஜராத்தின் மேற்குத் தீபகற்பத்தின் பெயர் அது. பட்டுநூல்காரர் என்று நாம் அழைத்துவந்த நெசவாளர் சமூகம், பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் என்று தங்கித் தங்கி, நாயக்க அரசர்கள் காலத்தில் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்து சேர்ந்தது என்பது அவர்களுடைய வரலாற்று நினைவு. பட்டு நெசவாளர் குஜராத்தை விட்டுக் கிளம்பியதற்குக் கல்வெட்டுச் சான்றே ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டு, தெற்குக் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து வந்து குடியேறிய பட்டு நெசவாளர் கூட்டம் 437-இல் சூரியனுக்குக் கோயில் கட்டியதையும், 473-இல் அதைப் பழுதுபார்த்ததையும் சொல்கிறது. நம் ஊர்ச் சௌராஷ்டிரர் வரலாற்றை எழுதியவர்கள் பலர் தங்கள் கதையை அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 2,47,000 பேர் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று பதிவு செய்தார்கள். உங்களில் யார் டி.எம். சௌந்தரராஜனின் பாட்டைக் கேட்காதவர்? தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணம் என்று நாம் கொண்டாடும் அந்தக் குரலுக்கு உரியவரின் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வை ‘வேள்வித் தீ’ நாவலில் தமிழில் எழுதிய எம்.வி. வெங்கட்ராமும் அந்த மொழிக்காரர்தான். இன்னொரு மொழியில் வளர்ந்தவர்கள் தமிழைக் காதால் பிடித்த விதத்தை இந்த இருவரிடமும் பார்க்கலாம். இதை இங்கே சொல்லி வைக்கிறேன். பேச்சின் நடுவே திரும்ப இது தேவைப்படும்.

ஒரு சின்ன வேடிக்கை. குஜராத்தியில் தண்ணீருக்குப் ‘பாணி’ என்று பெயர். சௌராஷ்டிரத்திலும் ஏறக்குறைய அதேதான். நம் சங்கீதக்காரர்களோ, ஒரு குருவழியில் வரும் பாடும் முறையைப் ‘பாணி’ என்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து பாய்வதுபோலத் தியாகராஜரின் பாட்டு மூன்று பெரிய வாய்க்கால்களில் பாய்ந்தது. தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை. மூன்றாவது வாய்க்காலை வெட்டியவர் நம் ஆள்.

2. ஐயம்பேட்டையிலிருந்து திருவையாற்றுக்கு

வேங்கடரமணரின் குடும்பம் அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்குக் கிழக்கே உள்ள ஐயம்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் சௌராஷ்டிரர் வாழும் ஊர் அது. அங்கிருந்து மேற்கே நடந்து காவிரியைக் கடந்தால் திருவையாறு. அங்கே திருமஞ்சன வீதியில் தியாகராஜரின் வீடு.

அந்தக் காலத்துத் தஞ்சைச் சீமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிம்மாசனத்தில் இருந்தவர் இரண்டாம் சரபோஜி, அவர் மொழி மராத்தி. வயலிலும் தெருவிலும் தமிழ். பாட்டுக்குத் தெலுங்கு. சுலோகத்துக்கு வடமொழி. தறி இருந்த தெருக்களில் சௌராஷ்டிரம். தெலுங்கு பேசும் குரு, சௌராஷ்டிரம் பேசும் சீடன், இருவரும் குளித்தது தமிழ் பேசும் காவிரியில். இதை ஒற்றுமைப் பிரசங்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்த இளைஞனின் காதுக்கு அன்றாடம் எவ்வளவு வேலை இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

சீடரான கதையை மரபு இப்படிச் சொல்கிறது. வேங்கடரமணர் தியாகராஜரின் இராம பூசைக்குத் துளசியும் பூவும் பறித்து, ஐயம்பேட்டையிலிருந்து நடந்தே கொண்டு வருவார். பூக்குடலையை வைத்துவிட்டு ஓர் ஓரமாக நிற்பார். மற்ற மாணவர்கள் பாடுவார்கள். இவர் வாய் திறக்க மாட்டார். மந்த புத்தி என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஏகாதசி இரவில் பஜனை நடக்கும்போது இவரையும் பாடச் சொல்லி வம்புக்கு இழுத்தார்கள். குரு மனம் இரங்கி இராமனை வேண்டினார். அந்தக் கணத்தில் இவருக்கு ஞானம் திறந்தது.

பக்தர்கள் இந்தக் கதையைக் கண்ணீர் மல்கச் சொல்வார்கள். நான் நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவன். என் வகுப்பில் இப்படி ஓரமாக நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாய் திறக்காத பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டுவதுதான் வாத்தியார் செய்யும் முதல் தவறு. பத்துப் பேர் பாடும்போது பதினோராவது ஆள் எதற்கு நிற்கிறான்? கேட்பதற்கு நிற்கிறான். அதிலும் பாட்டின் மொழி அவனுடைய மொழியாக இல்லாதபோது இரண்டு மடங்கு கூர்மையாகக் கேட்கிறான். தாய்மொழிக்காரன் பாதிச் சொல்லைக் காதில் வாங்கி மீதியைத் தானே நிரப்பிக்கொள்வான். வேற்று மொழிக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் அவன் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

ஆகவே அந்த அற்புதத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஞானம் அன்றைய இரவில் பிறக்கவில்லை. எத்தனையோ காலையில் நடந்த நடையிலும், ஓரமாக நின்ற நிலையிலும் சேர்ந்துகொண்டே வந்தது. அதைக் கண்டுகொண்ட கண் குருவினுடையது. அதுதான் அருள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தியாகராஜர் பிறந்தது 1767-இல். சீடர் அவரைவிடப் பதினான்கு வயதுதான் இளையவர். தகப்பன் பிள்ளை போன்ற இடைவெளி அது அல்ல, மூத்த அண்ணன் தம்பி இடைவெளி. குரு 1847-இல் சித்தியடைந்தபோது சீடருக்கே வயது ஏறக்குறைய அறுபத்தாறு. அதன் பிறகும் 27 ஆண்டுகள் இருந்தார். குருவின் பாட்டு ஊர் ஊராகப் பரவியதையும், பரவப் பரவ உருமாறியதையும் கண்ணெதிரே பார்த்திருப்பார். அவர் எழுதியதன் அருமை அங்கேதான் இருக்கிறது.

3. பாட்டை ஏட்டில் இறக்குவது

தியாகராஜர் 24,000 பாடல் பாடினார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. இன்று நம் கையில் இருப்பவை 700 சொச்சம். அவர் பாடலை உட்கார்ந்து எழுதி வைத்தவர் அல்லர். பூசையில், உஞ்சவிருத்தியில், ஏகாதசி இரவில் பாட்டு பிறந்தது. சுற்றி இருந்த சீடர்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்லாச் சீடர்களுக்கும் எல்லாப் பாட்டையும் அவர் சொல்லித் தரவும் இல்லை. அவரவர் தகுதிக்கும் குரலுக்கும் ஏற்ற பாட்டுகள் அவரவருக்குப் போயின. ஆகவே ஒரு சீடர் மறைந்தால் ஒரு பெட்டியே தொலைந்த மாதிரி.

அந்த நிலையில் வேங்கடரமணரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதினார்கள். பாட்டின் சொல்லை எழுதினார்கள். ராகப் பெயரையும் தாளத்தையும் எழுதினார்கள். பல பாடல்களுக்குச் சுரமும் எழுதினார்கள். குருவின் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதினார்கள். தியாகராஜரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகள் இந்தத் தகப்பனும் மகனும் விட்டுச் சென்றவைதாம்.

எழுதினார்கள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு பனையோலை. இரண்டு விரற்கடை அகலம்தான் இருக்கும். அதில் எழுத்தாணியால் கீறி, மேலே கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தடவித் துடைத்தால் கீறலில் கறுப்பு நிற்கும், எழுத்து தெரியும். தப்பாகக் கீறினால் அழிக்க முடியாது. அழுத்திக் கீறினால் ஓலை கிழியும். பிற்காலத்தில் காகிதம் வந்தது. வேலை கொஞ்சம் இலேசாயிற்று, பொறுப்பு இலேசாகவில்லை.

இப்போது குரு பல்லவியைப் பாடுகிறார். முதல் தடவை எளிமையாக ஒரு வரி. இரண்டாம் தடவை அதே வரி, நடுவில் ஒரு வளைவு. மூன்றாம் தடவை வளைவு மேல் ஸ்தாயி வரை போய் இறங்குகிறது. சங்கதி என்கிறோமே, அது இதுதான். ஒரே பாவில் ஊடை மாற்றி மாற்றி ஓட்டி, கரையைச் சிறுகச் சிறுகப் பெருக்குவதைப் போல. எழுதுகிறவன் என்ன செய்வான்? எத்தனை சங்கதி, எந்த வரிசையில்? இன்றைக்குப் பாடியதை எழுதுவதா, போன ஏகாதசிக்குப் பாடியதையா?

சரி, ‘க’ என்று ஒரு சுரம் எழுதுகிறார். அது சாதாரண காந்தாரமா, அந்தர காந்தாரமா? ராகப் பெயர் தெரிந்தால்தான் தெரியும். ‘ச’ என்று எழுதுகிறார். நடு ஸ்தாயியா, மேல் ஸ்தாயியா? இன்று நாம் தலைக்கு மேல் ஒரு புள்ளி வைத்துவிடுகிறோம். பழைய ஏடுகளில் அந்தப் புள்ளியை எதிர்பார்க்க முடியாது. சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே அசைய வேண்டும் என்பதையெல்லாம் ஏடு சொல்லாது. பாட்டுத் தெரிந்தவனுக்கு அது நினைவூட்டும். தெரியாதவன் கேட்டால் வாய் திறக்காது.

அப்படியானால் அந்த ஏட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். நேற்று வரை பாடிவந்த பாட்டை இன்றைய பாடகர் தம் குரலுக்கும் கைதட்டலுக்கும் ஏற்ப வளைத்துவிட்டால், “அம்மா, முதலில் இப்படி இருந்தது” என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டுமல்லவா? அந்தச் சாட்சி ஏடுதான். இன்று ஒரு ராகத்தில் பாடும் பாட்டுக்குப் பழைய ஏடு வேறு ராகத்தின் பெயரைச் சொல்லும் இடங்கள் உண்டு. வித்துவான்கள் அங்கே மோதிக்கொள்வார்கள். மோதட்டும். சாட்சி இல்லாவிட்டால் மோதவும் வழியில்லை.

4. ரயில் வந்த ஊரில் ஒரு பாட்டு வாத்தியார்

பிற்பாடு வேங்கடரமணர் ஐயம்பேட்டையை விட்டு வடக்கே பாலாற்றங்கரைப் பக்கம் வாலாஜாபேட்டைக்குப் போனார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரால் எழுந்த ஊர். நெசவும் வியாபாரமும் கொழித்த பேட்டை. நெசவாளர் சமூகம் வேலையும் சந்தையும் இருக்கும் இடத்துக்கு நகர்வது இயற்கை. புரோகிதரும் பாகவதரும் கூடப் போவதும் இயற்கைதான்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? வாலாஜா ரோடு நிலையத்துக்கு. அப்போது வேங்கடரமணருக்கு வயது 75. துளசிக் குடலையோடு காவிரிக்கரையில் நடந்த கால்கள் நீராவி வண்டி கூவுவதைக் கேட்கிற காலம் வரை இருந்திருக்கின்றன. காலம் மாறிக்கொண்டிருந்த அந்த ஊரில்தான் அவர் பாட்டு வகுப்பு நடத்தினார்.

அவரிடம் பயின்றவர்களில் பெரிய பெயர் சதாசிவ ராவ். சித்தூர்ப் பக்கத்து மராத்திக் குடும்பம். வாலாஜாபேட்டையில் கற்று, பிறகு மைசூர் அரண்மனை வித்துவானாக மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் விளங்கினார். வீணை சேஷண்ணா அவரிடம் வாய்ப்பாட்டு கற்றார். இதன் பொருளைப் பாருங்கள். திருவையாற்றில் தெலுங்கு. வாலாஜாபேட்டையில் சௌராஷ்டிரம். அங்கிருந்து மராத்தி வழியாகக் கன்னட நாடு. ஒரு பாட்டு மைசூர் போய்ச் சேர்வதற்குள் வீட்டு மொழி மூன்று தடவை மாறிவிட்டது. பாட்டு மாறவில்லை.

வேங்கடரமணர் தாமும் இயற்றினார். தெலுங்கிலும் வடமொழியிலும் தம் தாய்மொழியான சௌராஷ்டிரத்திலும் அவர் பாடல்கள் உண்டு. சௌராஷ்டிரத்தில் இசைப்பாடல் இயற்றிய முன்னோடிகளில் அவர் ஒருவர். ஆனால் அவர் பெயரை அறியாதவர்களும் சொல்லும் ஒரு சுலோகம் உண்டு. தியாகராஜரை வேதப் புலமையில் வியாசர் என்றும், இனிய வாக்கில் வால்மீகி என்றும், துறவில் சுகர் என்றும், பக்தியில் பிரகலாதன் என்றும், இசையில் நாரதர் என்றும் வரிசையாக ஒப்பிட்டுச் செல்லும் அந்த வடமொழிச் சுலோகத்தை ஆராதனை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இயற்றியவர் இவர்தான். தம்மைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

5. இரண்டு தோடிகள்

நம் பக்கத்துக்குக் கொஞ்சம் திரும்பி வருவோம். தியாகராஜர் திருச்சிச் சீமைக்குப் புதியவர் அல்லர். ஸ்ரீரங்கத்துக்கு வந்து அரங்கன் மீது பாடிய ஐந்து கிருதிகளை ஸ்ரீரங்க பஞ்சரத்தினம் என்கிறோம். லால்குடிக்கு வந்து சப்தரிஷீசுவரர் மீதும் அம்மன் மீதும் பாடிய ஐந்து, லால்குடி பஞ்சரத்தினம். லால்குடியில் அவருடைய சீடர் ராமய்யர் இருந்தார். வயலின் மேதை லால்குடி ஜெயராமனின் கொள்ளுப்பாட்டனார் அவர். இதோ பக்கத்து முசிறியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட முசிறி சுப்பிரமணிய ஐயரும் அந்த ஊற்றுத் தண்ணீர் குடித்தவரே. தியாகராஜரிடம் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவரிடம் மகா வைத்தியநாத ஐயர், அவரிடம் சபேச ஐயர், அவரிடம் முசிறி. வாயிலிருந்து காதுக்கு வந்த வழி அது. வாலாஜாபேட்டையோ அதோடு கையிலிருந்து ஏட்டுக்கு வந்த வழியையும் சேர்த்துக்கொண்டது.

ஸ்ரீரங்கத்து ஐந்தில் ஒன்று ‘ராஜு வெடல’. தோடி ராகம். அரங்கராஜன் உலாப் புறப்படுகிறான், பார்ப்போம் வாருங்கள் என்ற அழைப்பு. சித்திரை வீதியில் தேர் பார்த்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாட்டு. தியாகராஜர் எழுபது வயதைத் தாண்டிய பிறகு காஞ்சி, திருப்பதி, சென்னை என்று ஒரு யாத்திரை போனார். அந்தப் பயணத்தில் வாலாஜாபேட்டையில் தம் சீடர் வீட்டுக்கும் வந்தார். ஊரே திரண்டு வரவேற்றது. சீடரின் சீடரான சதாசிவ ராவ் அந்த வைபவத்தை ஒரு கிருதியாகப் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ‘த்யாகராஜ ஸ்வாமி வெடலின’ என்று அது தொடங்குகிறது. ராகம் தோடி.

அங்கேயும் தோடி, இங்கேயும் தோடி. அங்கேயும் ‘வெடல’, இங்கேயும் ‘வெடலின’. புறப்பட்டார், எழுந்தருளினார் என்று பொருள்படும் ஒரே வினை. தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரங்கன் வீதிக்கு வந்தபோது குரு பாடிய ராகத்தையும் வினையையும் எடுத்து, குருவே வீதிக்கு வந்தபோது பேரச்சீடன் அணிவித்தான் என்றுதான் என் காது சொல்கிறது. இத்தகைய மரியாதை யாருக்குச் செய்யத் தோன்றும்? குருவின் பாட்டை எழுத்தெழுத்தாக ஓதிக் கற்ற வகுப்பில் வளர்ந்தவனுக்குத்தான் தோன்றும். அந்த வகுப்பை நடத்தியவர் அன்று வாசலில் பூரண கும்பத்தோடு நின்றிருப்பார். அந்தப் பாட்டில் போற்றப்படுகிறவர் அவர் அல்லர். அதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்குமா? துளசி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்ற ஆள் அல்லவா அவர்!

6. மதுரைக்குப் போன ஏடுகளும் எங்கள் வீட்டு நோட்டும்

தகப்பனும் மகனும் எழுதியவை பேரர் இராமசாமி பாகவதர் காலத்திலும் குடும்பத்தில் இருந்தன. அவர் 1935-இல் தெலுங்கில் தியாகராஜரின் வரலாற்றை அச்சிட்டார். பிறகு அந்த ஏடுகளும் காகிதக் கட்டுகளும் மதுரைச் சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. 1895-இல் தொடங்கிய சபை அது. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி போன்ற இசை அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பயன்படுத்தினார்கள். இன்று தியாகராஜரின் பாட்டைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும், ‘வாலாஜாபேட்டை ஏடுகள் என்ன சொல்கின்றன?’ என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

கவனியுங்கள். அந்த ஏடுகளை அரசரும் காக்கவில்லை, ஆதீனமும் காக்கவில்லை. ஒரு குடும்பம் காத்தது. அதன்பின் ஒரு நெசவாளர் சமூகம், ‘இது எங்கள் ஆள் எழுதியது’ என்று எடுத்து வைத்துக்கொண்டது. அதிலும் அவர்கள் காத்தவற்றில் பெரும்பகுதி தெலுங்குப் பாட்டு, அவர்களுடைய மொழிப் பாட்டே அல்ல.

இப்போது என் வெட்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒரு பாட்டு நோட்டு இருந்தது. என் தாத்தா எழுதியது. நீள வாக்கில் திறக்கும் கணக்குப்பிள்ளை நோட்டு, சிவப்புத் துணி அட்டை. தெலுங்குக் கிருதிகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பார். தமிழில் ஒரே ‘க’ தானே உண்டு. அச்சுப் புத்தகத்தில் போடுகிற மாதிரி தலையில் இரண்டு, மூன்று, நான்கு என்று சின்னதாக எண் போட்டு ஒலியை வேறுபடுத்தியிருப்பார். சில இடங்களில் எண் போட மறந்திருப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும். ‘ராக பாவம்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “ராகத்துக்கு என்ன பாவம் தாத்தா செய்தார்கள்?” என்று கேட்டேன். தாத்தா சிரித்துக்கொண்டே, எழுத்தின் தலையில் நாலு என்று போட்டார். “இப்போது பாவம் போய்விட்டது, பாவம் வந்துவிட்டது” என்றார். முதல் பாவம் தீவினை, இரண்டாம் பாவம் மெய்ப்பாடு. அந்த ஒரு ‘நாலு’ தான் நான் கற்ற முதல் சங்கீத பாடம். தன் மொழி இல்லாத பாட்டை எழுதுகிறவன் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஐயம்பேட்டையிலிருந்து நடந்த அந்த மனிதரை நான் இத்தனை நெருக்கமாக உணர்வதற்கு அந்த நோட்டுதான் காரணம்.

அந்த நோட்டு இப்போது இல்லை. வீடு மாற்றியபோது பழைய பேப்பரோடு பேப்பராக எடைக்குப் போட்டுவிட்டோம். போட்டவன் நான்தான். அச்சில் எல்லாம் வந்துவிட்டதே என்று நினைத்தேன். தாத்தா போட்ட ‘நாலு’ எந்த அச்சில் வந்திருக்கிறது? அவர் பாடிய சங்கதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

வேங்கடரமண பாகவதரின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது. பாடுவது பெரிய காரியம். இயற்றுவது அதைவிடப் பெரியது. ஆனால் கேட்டதைக் கேட்டபடி, யாரிடம் கேட்டோம் என்று பெயரோடு எழுதி வைப்பதும் ஓர் இசைப் பணிதான். அதற்குக் கைதட்டல் கிடையாது. அவருடைய சொந்தப் பாடல்களைக் கச்சேரிகளில் அபூர்வமாகவே கேட்கிறோம். பாடகர்கள் அவற்றை எடுத்துப் பாட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள், பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு. உங்கள் வீட்டில் பாட்டி இருப்பார். நடவுக்குப் போன அத்தை இருப்பார். பச்சைமலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள். மேலே உங்கள் ஊரில் பாடும் பாட்டு கீழே எங்களுக்குத் தெரியாது. கைப்பேசியில் பதிவு செய்யலாம், நல்லதுதான். ஆனால் எழுதிப் பாருங்கள். எழுதும்போதுதான், ‘இந்த இடத்தில் என்ன சொன்னீர்கள் பாட்டி?’ என்று இரண்டாம் தடவை கேட்கத் தோன்றும். இரண்டாம் தடவை கேட்பவன்தான் சீடன்.

அறக்கட்டளையார் அனுமதியோடு வாசலில் நூறு பக்க நோட்டு ஐம்பது வாங்கி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுத வேண்டாம். யாரிடம் பாட்டுக் கேட்டீர்களோ அவர் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு நான் வந்து பார்க்கிறேன்.